கசடும் நீரும் இதயத்துடிப்பும்: செட்டோ உள்கடல் தீவுகளில்

நவம்பர் 8, வெள்ளி: தகமாட்சு

ஜப்பானுக்குச் சென்று வந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் டோக்கியோவைப் பற்றியும் கியோட்டோவின் கோயில்களைப் பற்றியும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் அந்த இரண்டு ஊர்களிலும் கால் வைக்கவில்லை. ஓசாகாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஷிகோகு தீவின் வடகரையில் இருக்கும் தகமாட்சு என்னும் துறைமுக நகரத்துக்கு என்னை நேராக அழைத்து வந்துவிட்டாள். இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் ஓவியர்களும் சிற்பிகளும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பெருநகரக் காட்சிக்கூடங்களைவிட இந்தக் கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவுகளுக்குத்தான் வர வேண்டும் என்பது அவளுடைய உறுதியான கருத்து. பயணம் முடிந்து இதை எழுதும்போது அவள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

செட்டோ உள்கடல் என்பது பெருந்தீவுகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் அமைதியான கடல். அதில் உள்ள நவோஷிமா தீவின் வடமுனையில் 1917 முதல் செம்பு உருக்காலை ஒன்று இயங்கி வருகிறது. உருக்காலையின் புகை மலைகளை மொட்டையாக்கியது. பின்னாளில் வேலை குறைய, இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். தீவின் தென்பகுதியைப் பண்பாட்டு இடமாக மாற்ற விரும்பிய ஊர்த்தலைவர் மியாகேயும், ஒகயாமாவைச் சேர்ந்த பதிப்பாளர் ஃபுகுதாகேயும் தொடங்கிய முயற்சியில்தான் கட்டடக்கலைஞர் தாதாவோ ஆண்டோ வந்து சேர்ந்தார். 1992இல் அருங்காட்சியகமும் தங்கும் விடுதியும் சேர்ந்த பெனெஸ்ஸே இல்லம் திறக்கப்பட்டது. 2010 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்தத் தீவுகள் பலவற்றிலும் கலைவிழா நடக்கிறது. நாங்கள் சென்றது விழா இல்லாத ஆண்டு. ஆகவே படகுகளில் இடம் இருந்தது, வரிசைகள் சிறியவையாக இருந்தன, பேச ஊர்க்காரர்களுக்கு நேரமும் இருந்தது.

இரவு உணவுக்கு உதோன் கடைக்குச் சென்றோம். இந்தப் பகுதி உதோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸுக்குப் பெயர் பெற்றது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். கிண்ணத்தை நீட்டினால் உதோனைப் போடுவார்கள். பக்கத்தில் அடுக்கியிருக்கும் கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி, இறால் பொரியல்களில் வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு கடைசியில் பணம் கட்ட வேண்டும். சாறு ஊற்றும் குழாயைத் திருப்பத் தெரியாமல் நான் நின்றபோது, பின்னால் நின்ற அலுவலக உடைக்காரர் ஒருவர் தம் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து திருப்பிக் காட்டி, தலை குனிந்துவிட்டுத் திரும்பினார். முதல் வாய் உறிஞ்சியதும் வாசனை பிடிபட்டது: நெத்திலிக் கருவாடு. இந்தக் கடலின் சிறு மீன்களை அவித்துக் காயவைத்து, அதில்தான் இங்கே சாறு எடுக்கிறார்கள். கத்தரிக்காய்ப் பொரியலோடு எனக்கு 480 யென் ஆயிற்று. நம் பணத்தில் 270 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

நவம்பர் 9, சனி: நவோஷிமா, ஹோன்முரா கிராமம்

தகமாட்சுவிலிருந்து பெரிய படகில் 50 நிமிடம். வானம் தெளிவாக இருந்தது. தளத்தில் நின்றால் காற்று காதைக் கடித்தது. துறையில் இறங்கியதும் கலைஞர் யாயோய் குசாமாவின் பெரிய சிவப்புப் பூசணிச் சிற்பம் நிற்கிறது. எல்லோரும் அதன் உள்ளே புகுந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிற்காமல் ஹோன்முராவுக்குச் செல்லும் சிறு பேருந்தில் ஏறிவிட்டோம்.

ஹோன்முரா, கருக்கிய மரப்பலகைச் சுவர்களும் கூரை ஓடுகளும் கொண்ட பழைய கிராமம். இங்கே ஆள் இல்லாமல் கிடந்த வீடுகளை 1998 முதல் ஒவ்வொன்றாகக் கலைஞர்களிடம் ஒப்படைத்தார்கள். வீட்டைக் கலைப்பொருள் வைக்கும் இடமாகப் பயன்படுத்தக் கூடாது, வீடே படைப்பாக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. படைப்பு வீடுகளுக்கு இடையில் மக்கள் குடியிருக்கும் வீடுகளும் கலந்தே இருக்கின்றன. எது எது என்று வாசல் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் செய்யப்பட்டது கதோயா என்னும் வீடு. சுமார் இருநூறு ஆண்டு பழமையான அந்த வீட்டின் நடுக்கூடத்தில், தரை இருக்க வேண்டிய இடத்தில் ஆழமில்லாத நீர்த்தொட்டி இருக்கிறது. இருட்டுக்குக் கண் பழகிய பிறகு, நீருக்கடியில் சிவப்பிலும் பச்சையிலும் மஞ்சளிலும் எண்கள் ஒளிர்ந்து மாறிக்கொண்டிருப்பது தெரிகிறது. தாட்சுவோ மியாஜிமாவின் படைப்பு இது. மொத்தம் 125 எண்காட்டிகள். ஒவ்வொன்றும் 1 முதல் 9 வரை ஓடுகிறது, பூஜ்யம் வர வேண்டிய நேரத்தில் அணைந்து இருட்டாகிறது, மீண்டும் தொடங்குகிறது. எண்கள் ஓடும் வேகத்தை மியாஜிமா தாமாக முடிவு செய்யவில்லை. 5 வயது முதல் 95 வயது வரையுள்ள 125 தீவுவாசிகளை அழைத்து, ஆளுக்கு ஒரு எண்காட்டியின் வேகத்தை அவரவர் விருப்பப்படி அமைக்கச் சொன்னார். ஒன்று மின்னல்போல ஓடுகிறது. இன்னொன்று 4இலிருந்து 5க்கு வருவதற்குள் நமக்குப் பொறுமை போகிறது. அந்த மெதுவான எண்ணை அமைத்தவர் யாராக இருக்கும் என்ற கேள்வி, கூடத்தை விட்டு வெளியே வந்த பின்னும் என்னை விடவில்லை. கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் கண்ணைக் குத்தும் அதே மின்னெண் விளக்கைக் கொண்டு ஒரு கிராமத்தின் மனிதர்களை ஒரு தொட்டி நீருக்குள் கூட்டி வைக்க முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அங்கிருந்து நடந்து மினாமிதேராவுக்குச் சென்றோம். முன்பு கோயில் இருந்த இடத்தில் ஆண்டோ கட்டிய, கருக்கிய பலகை வேய்ந்த சன்னல் இல்லாத கட்டடம் அது. உள்ளே இருப்பது அமெரிக்கரான ஜேம்ஸ் டரலின் படைப்பு. இவருடைய ஊடகம் வெளிச்சம் மட்டுமே. பணியாளர் சுவரைத் தடவிக்கொண்டே வரச் சொல்லி, முழு இருட்டில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். என் கையையே என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை அழத் தொடங்கியபோது, தாய் மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். பல நிமிடங்கள் கழித்து எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம் மெல்ல மெல்ல வந்தது. விளக்கை யாரோ ஏற்றுகிறார்கள் என்றுதான் எண்ணினேன். “இல்லை அத்தை, அது ஆரம்பத்திலிருந்தே இருக்கு, நம்ம கண்ணுதான் இப்பதான் பாக்குது” என்றாள் அண்ணன் மகள். எழுந்து கைகளை முன்னால் நீட்டியபடி நடந்து போய்த் தொட முயன்றபோது அங்கே சுவரே இல்லை. பார்ப்பவரின் விழித்திரை பழகுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமே இந்தப் படைப்பின் பாதி.

மதியம் வெயிலில் ஒரு பாட்டி தம் வீட்டு வாசலில் கூடையோடு உட்கார்ந்து மிகான் ஆரஞ்சுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வழி கேட்டதற்கு எழுந்து தெருமுனை வரை கூடவே வந்து காட்டினார். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று கேட்டதும் என் இரு கைகளிலும் ஆளுக்கு மூன்றென்று ஆறு பழங்களை வைத்தார். முன்பெல்லாம் இந்தத் தெருவில் தெரியாத முகத்தையே பார்க்க முடியாது, இப்போது நாளுக்கு ஒரு நாட்டுக்காரருக்கு வழி சொல்கிறேன் என்று அவர் சொன்னதை அண்ணன் மகள் எனக்குச் சொன்னாள்.

கோ-ஓ என்னும் சிறு கோயில் குன்றின்மேல் இருக்கிறது. பழுதடைந்திருந்த அந்தக் கோயிலைப் புதுப்பிக்கும் பொறுப்பு புகைப்படக் கலைஞரான ஹிரோஷி சுகிமோட்டோவிடம் 2002இல் வந்தது. அவர் வெள்ளைக் கூழாங்கல் பரப்பின்மேல் சன்னதியை எழுப்பி, அதிலிருந்து நிலத்தடியில் உள்ள கல் அறை வரை கெட்டியான கண்ணாடிக் கட்டிகளால் படிகளை இறக்கியிருக்கிறார். வெளியே படியில் விழும் வெயில் கண்ணாடி வழியாகவே பூமிக்குள் இறங்குகிறது. கீழே செல்ல, ஒருவர் மட்டும் நுழையக்கூடிய ஒடுக்கமான கான்கிரீட் இடைவழி இருக்கிறது. கையில் டார்ச் விளக்கு கொடுத்து அனுப்புகிறார்கள். உள்ளே ஈரமும் குளிரும். கடைசிப் படியின் விளிம்பில் பனிக்கட்டி போன்ற ஒளி. திரும்பி வெளியேறும்போது அந்த ஒடுக்கமான வழியின் முனையில் கடலும் வானும் பாதிக்குப் பாதியாகத் தெரிகின்றன. சுகிமோட்டோவின் புகழ்பெற்ற கடல் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் இருப்பது இதே பிரிவுக்கோடுதான். கேமராவைத் தொடாமலே ஒரு புகைப்படக்காரர் தம் புகைப்படத்தை இங்கே கட்டி வைத்திருக்கிறார். அதற்குள் நடந்துதான் நாம் வெளியே வருகிறோம்.

யோஷிஹிரோ சுதா செய்திருப்பது இதற்கு நேர்மாறான அளவில். கோகைஷோ என்னும் வீட்டின் ஓர் அறையில், பாய்த்தரைமேல் சில காமெலியாப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. அத்தனையும் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டியவை. இதழின் ஓரம் வாடத் தொடங்கும் சுருக்கம்கூட இருக்கிறது. தோட்டத்தில் உண்மையான காமெலியாச் செடி நிற்கிறது. உள்ளே நுழையக் கூடாது, திண்ணை போன்ற இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, அறை காலியாக இருப்பதாக நினைத்துப் போய்விட்டார்கள்.

முன்பு பல் மருத்துவர் ஒருவரின் வீடாக இருந்த ஹாய்ஷாவில் ஷின்ரோ ஓடகே, பழைய தகரம், படகுத் துண்டு, கடைப்பலகை என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டி, நடுவில் இரண்டு மாடி உயரத்துக்குச் சுதந்திர தேவி சிலையையும் நிறுத்தியிருக்கிறார். எனக்கு அது சத்தமாகத் தோன்றியது. ஆனால் ஒரு தீவு எறிந்துவிட்டதை எல்லாம் அழகுபடுத்தாமல் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும் துணிவு அதில் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஹிரோஷி செஞ்சுவின் அருவி ஓவியங்கள் உள்ள வீட்டைப் பார்க்கும்போதே மணி நான்கைத் தாண்டிவிட்டதால் அங்கே போதிய நேரம் இருக்க முடியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு: நவோஷிமாவின் தென்கரை

சிச்சு அருங்காட்சியகம் 2004இல் ஆண்டோ கட்டியது. உள்கடலின் காட்சியைக் கெடுக்கக் கூடாது என்று முழுவதையும் மண்ணுக்கடியில் புதைத்துவிட்டார். ஆனாலும் பகல் வெளிச்சம் உள்ளே நிறைந்திருக்கிறது. அனுமதிச்சீட்டு இரண்டாயிரம் யென்னுக்கு மேல், நேரமும் முன்பே குறிக்கப்பட்டது. கிளாட் மோனேயின் அல்லி ஓவியங்கள் ஐந்து இங்கே இருக்கின்றன. அவற்றை முழுக்க இயற்கை ஒளியில் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறு சிறு சலவைக்கல் சதுரங்கள் பாவிய தரையில் நடக்க வேண்டும். மேகம் கடந்தபோது ஓவியத்தின் நீலம் மங்கி, மறுபடி எழுந்ததைக் கண்ணாரக் கண்டேன். டரலின் இன்னொரு படைப்பில் சுவரில் தெரிந்த நீலத் திரைக்குள் படியேறி நுழையச் சொன்னார்கள்; திரை என்று நினைத்தது ஓர் அறை. வால்டர் டி மரியாவின் 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டையும் சுற்றிலும் பொன்முலாம் பூசிய 27 மரத்தூண் தொகுதிகளும் பார்ப்பவரை அடக்கும் அளவில் இருந்தன. அது எனக்குள் இறங்கவில்லை. ஹோன்முரா வீடுகளில் ஒரு மனிதர் வந்து உட்கார இடம் இருந்தது; இங்கே கோளமும் தூணும் மட்டும் போதும் என்று தோன்றியது. இது என் தனிப்பட்ட எண்ணம். அண்ணன் மகள் அந்த அறையில்தான் அதிக நேரம் நின்றாள்.

வெளியே காற்று வலுத்திருந்தது. மேட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து இறங்கினால் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணி, கடலுக்குள் நீண்ட சிறு பாலத்தின் முனையில் நிற்கிறது. 1994இல் வைக்கப்பட்டது. சூறாவளி வருமானால் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவது வழக்கம். 2021 ஆகஸ்ட் மாதத்தில் வந்த சூறாவளியில் அப்படிச் செய்ய முடியாமல் அலை அதைப் பிய்த்துக் கடலில் எறிந்தது. 2022 அக்டோபரில் மீண்டும் செய்து நிறுத்தினார்கள். படங்களில் பார்த்து அலுத்த பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சாம்பல் நிறக் கடலுக்கு முன்னால் அந்த மஞ்சளும் கருப்புப் புள்ளியும் நின்றபோது, இதை வேறெங்கும் வைக்க முடியாது என்று புரிந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்குள் படம் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிட்டார்கள். தள்ளுபவர் யாரும் இல்லை, அதட்டுபவரும் இல்லை.

இன்று என்னை நிறுத்தி வைத்தது, கூட்டமே இல்லாத வேறோர் இடம். பள்ளத்தாக்கில் ஒரு குளத்தருகே மண்மேட்டில் 88 புத்தர் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. சுயோஷி ஓசாவாவின் படைப்பு. இந்தத் தீவில் எடோ காலம் (17–19ஆம் நூற்றாண்டு) முதல் 88 புத்தர் வழிபாட்டு இடங்கள் உண்டு. அந்த மரபை எடுத்துக்கொண்டு அவர் உருவங்களைச் செய்தார். செய்த பொருள்தான் முக்கியம். பக்கத்துத் தீவான தெஷிமாவில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை ஆலைக்கழிவுகளைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டியிருந்தார்கள். தீவு மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2000இல் உடன்பாடு கண்டு, கழிவு முழுவதையும் அள்ளிப் படகில் ஏற்றி நவோஷிமாவின் ஆலைக்குக் கொண்டுவந்து உருக்கச் செய்தார்கள். 9 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அது. 2017 வரை அந்த வேலை நடந்தது. அப்படி உருக்கிய பின் எஞ்சிய கசட்டில்தான் இந்தப் புத்தர்கள் செய்யப்பட்டிருக்கிறார்கள். பாசி படர்ந்து, சிலவற்றின் முகம் மழையில் மழுங்கியிருந்தது. விஷத்தை மறைக்காமலும் அதைக் காட்டிப் பயமுறுத்தாமலும், ஊர்க்காரர்கள் கும்பிடும் வடிவத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். கலைஞர் ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று எனக்கு ஒருவர் விளக்கச் சொன்னால், இனி இந்த மண்மேட்டைத்தான் காட்டுவேன்.

மாலையில் துறைக்கருகே ஓடகே வடிவமைத்த பொதுக் குளியலறைக்கு அண்ணன் மகள் போய் வந்தாள். பத்துப் பேர் முன்னால் ஆடையின்றிக் குளிக்கும் வழக்கத்துக்கு என் மனம் இசையவில்லை. வெளியே உட்கார்ந்து, படகுப்பகுதிகளும் ஓட்டுச்சில்லுகளும் பதித்த அதன் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11, திங்கள்: தெஷிமா

விடியும்போதே தூறல். தகமாட்சுவிலிருந்து தெஷிமாவுக்குச் செல்வது சிறிய விரைவுப்படகு. இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. இறங்கியதும் துறையில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்து அண்ணன் மகளின் முகம் விழுந்தது: மதியம் இனுஜிமா தீவுக்குச் செல்ல வேண்டிய படகு, அலை காரணமாக இன்று ஓடாது. அதற்காக வைத்திருந்த நேரம் முழுவதையும் தெஷிமாவுக்கே கொடுத்தோம்.

மின்சார மிதிவண்டி எடுத்தோம், நான்கு மணி நேரத்துக்கு ஆயிரம் யென். தீவு மேடும் பள்ளமும். கடைசி ஏற்றத்தில் என் வண்டியின் மின்கலம் தீர்ந்துபோக, மழைச் சட்டைக்குள் வியர்த்தபடி அதைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். வயலில் வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் வரப்பிலிருந்து இறங்கி வந்து, என்னைக் கேட்காமலே கைப்பிடியைப் பிடித்து மேட்டின் உச்சிவரை தள்ளிக் கொடுத்துவிட்டுத் தொப்பியைத் தொட்டு விடைபெற்றார். உச்சியிலிருந்து பார்த்தால் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், அவற்றுக்கு அப்பால் கடல். பாழாகிக் கிடந்த இந்த வயல்களை ஊர் மக்கள் அருங்காட்சியகம் வரும் காலத்தில்தான் மீட்டெடுத்தார்கள்.

தெஷிமா கலை அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு படைப்புதான் இருக்கிறது. கட்டடக்கலைஞர் ரியூயே நிஷிசாவாவும் கலைஞர் ரெய் நைட்டோவும் 2010இல் சேர்ந்து செய்தது. 40 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் கொண்ட வெண்மையான கான்கிரீட் ஓடு. உயரம் அதிகபட்சம் நாலரை மீட்டர். ஒரு தூண்கூட இல்லை. மண்ணைக் குவித்து வடிவம் செய்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகிய பின் உள்ளே இருந்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டார்களாம். கூரையில் பெரிய இரண்டு நீள்வட்டத் திறப்புகள், கண்ணாடி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமின்றி நுழைகிறோம். தரை குளிர்ந்திருந்தது. முதலில் எதுவுமே இல்லை என்றுதான் தோன்றியது.

பிறகு காலடியில் ஏதோ நகர்ந்தது. தரையிலுள்ள ஊசிமுனைத் துளைகளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக ஊறி வருகிறது. நீர் ஒட்டாத அந்தத் தரையில் ஒவ்வொரு துளியும் சேம்பிலைமேல் விழுந்த நீர்போல உருண்டு நிற்கிறது, கண்ணுக்குத் தெரியாத சரிவைக் கண்டுபிடித்து ஓடுகிறது, இன்னொரு துளியோடு சேர்ந்து நீண்டு பாம்பாகி, தாழ்வான இடத்தில் குளமாகிறது. சில துளிகள் பாதியில் தயங்கி நின்றுவிடுகின்றன. பின்னால் வரும் துளி தொட்டதும் மீண்டும் புறப்படுகின்றன. திறப்பின் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய நூல் தொங்கியது. காற்று இருக்கும் திசையை அது மட்டுமே சொன்னது. இன்று மழையும் திறப்பு வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்ததால், எது நைட்டோ ஊறவைத்த நீர், எது வானத்திலிருந்து வந்த நீர் என்று பிரிக்க முடியவில்லை. தவளை ஒன்று எங்கோ கத்தியது. அந்த ஓட்டுக்குள் அது மூன்று மடங்காக எதிரொலித்தது. வந்தவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், சிலர் படுத்துவிட்டார்கள். என் முன்னால் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் தம்மை நோக்கி ஓடி வந்த நீருக்கு வழிவிடக் காலை மெல்ல நகர்த்திக்கொண்டார். நானும் பிறகு அப்படியே செய்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அண்ணன் மகள் என் தோளைத் தொட்டபோதுதான் நேரம் போனது தெரிந்தது.

ஓவியம், சிற்பம், கட்டடம் என்று நாம் பிரித்து வைத்திருக்கும் எந்தப் பெட்டியிலும் இதைப் போட முடியாது. நீரை வரைந்து காட்டுபவர்கள் உண்டு, நீரைக் குழாயில் பீய்ச்சிக் காட்டுபவர்களும் உண்டு. நீர் தன் இயல்பில் என்ன செய்யும் என்பதை மட்டும் காண்பதற்கு இடம் செய்து கொடுத்துவிட்டுக் கலைஞர் ஒதுங்கிக்கொண்டதை நான் இங்கேதான் பார்க்கிறேன். கழிவு கொட்டப்பட்டு நஞ்சூறிய தீவு என்று நாடெங்கும் பெயர் கெட்டுப்போயிருந்த இடத்தில், மண்ணிலிருந்து தெளிந்த நீர் ஊறுவதைப் படைப்பாக வைத்திருக்கிறார்கள். இதை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. நேற்று அந்தப் புத்தர்களைப் பார்த்திராவிட்டால் எனக்கும் இது தோன்றியிருக்காது.

மதிய உணவு ஷிமா கிச்சனில். பாழடைந்த வீட்டைச் சீரமைத்து, முற்றத்து சீமைப் பனிச்சை மரத்தைச் சுற்றிக் கருக்கிய பலகைகளால் தாழ்வாரம் இறக்கியிருக்கிறார் கட்டடக்கலைஞர் ரியோ ஆபே. சமைப்பவர்கள் தீவுப் பெண்கள். அன்றைய மீன், முள்ளங்கி, ஊரில் விளைந்த அரிசிச் சோறு, மிசோ சூப். இருவருக்கும் 3,500 யென்னுக்கு மேல் ஆனது, இந்தப் பயணத்தின் விலை உயர்ந்த உணவு இதுதான். நனைந்த என் சால்வையைப் பார்த்த சமையற்கார அம்மா அதைக் கேட்டு வாங்கி அடுப்புப் பக்கம் விரித்துப் போட்டார். கிளம்பும்போது அது காய்ந்து மீன் வாசனையோடு திரும்பி வந்தது.

மழை விடவில்லை. கராதோ கடற்கரையோரம் நடந்து, கருப்புப் பலகை வீடு ஒன்றை அடைந்தோம். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கியின் இதய ஆவணக்காப்பகம் அது. 2008 முதல் உலகின் பல ஊர்களில் பதிவு செய்த மனிதர்களின் இதயத்துடிப்பு ஒலிகளை அவர் இங்கே சேர்த்து வைத்தார். நீண்ட இருட்டறையில் ஒரே ஒரு விளக்கு தொங்குகிறது. பெரிய ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் இதயம் அடிக்க, அடிக்கும்தோறும் விளக்கு எரிந்து அணைகிறது. சிலருடையது சீராக, ஆலை இயந்திரம்போல நெஞ்சை அதிரவைக்கிறது, சிலருடையது தடுமாறுகிறது, ஒருவருடையது இவ்வளவு மெல்லியதா என்று அஞ்சும்படி இருந்தது. சுவரெங்கும் கருப்புக் கண்ணாடிச் சட்டங்கள். விளக்கு எரியும் நொடியில் அவற்றில் நம் முகமே தெரிகிறது. அடுத்த அறையில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, கணினியில் பெயரையும் ஊரையும் தேடி, விரும்பிய இதயத்தைக் காதுக்கருவியில் கேட்கலாம். போல்தான்ஸ்கி 2021 ஜூலையில் காலமானார். அவர் சேர்த்துவைத்த இதயங்களுக்கு உரியவர்கள் பலரும் இறந்திருப்பார்கள். இறக்க இறக்கத்தான் இந்தப் படைப்பு அவர் எண்ணியபடி முழுமை அடையும் என்று நினைக்கிறேன். புகைப்படத்தில் முகத்தைப் பார்த்தால் வயது தெரியும், உடை தெரியும், நாடு தெரியும். இதயத்துடிப்பில் இவை எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஒருவருடைய துடிப்பு இன்னொருவருடையது அன்று என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

கட்டணம் செலுத்தினால் நம்முடையதையும் பதிவு செய்துகொள்ளலாம். ஆயிரத்தைந்நூறு யென்னுக்குச் சற்று மேல். அண்ணன் மகள் வேண்டாம் என்றாள்; அப்பாவின் பைபாஸ் சிகிச்சைக்குப் பிறகு அந்த ஒலியைக் கேட்டாலே தனக்கு மருத்துவமனை நினைவு வருகிறது என்றாள். நான் பதிவு செய்தேன். வெள்ளை அங்கி அணிந்த பணியாளர், ஒலிவாங்கியை நெஞ்சின் எந்த இடத்தில் வைக்க வேண்டும், மூச்சை எப்படி விட வேண்டும் என்று படம் போட்ட அட்டையைக் காட்டிச் சொன்னார். முதல் முறை சட்டைத் துணி உரசும் ஒலி வந்துவிட்டது. சிரிக்காமல், சலிக்காமல் மறுமுறை எடுத்துக்கொள்ள விட்டார். பதிவு எண்ணோடு கையில் ஒரு குறுந்தகடு கொடுத்தார்கள்.

போல்தான்ஸ்கியின் இன்னொரு படைப்பு மலைக்காட்டில் இருக்கிறது: நூற்றுக்கணக்கான காற்றுமணிகள், ஒவ்வொன்றின் நாக்கிலும் யாரோ ஒருவர் நேசித்தவரின் பெயர். பாதை வழுக்கியதால் அங்கே ஏற முடியவில்லை. தாதானோரி யோகூவின் சிவப்புக் கண்ணாடி வீட்டை, படகுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பத்து நிமிடத்தில் சுற்றி வந்தோம். சிவப்புக் கண்ணாடி வழியே தோட்டத்தைப் பார்த்தால் சிவப்புப் பாறைகள் நிறம் இழக்கின்றன என்பது மட்டும் மனத்தில் நின்றது.

நவம்பர் 12, செவ்வாய்: முரே

செவ்வாய்க்கிழமை தெஷிமாவில் எல்லாம் மூடியிருக்கும். தகமாட்சுவின் கிழக்கே முரே என்னும் சிற்றூரில் இசாமு நோகுச்சியின் பட்டறை இருக்கிறது. வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் 1904இல் பிறந்த நோகுச்சி, 1969 முதல் 1988இல் இறக்கும்வரை ஆண்டின் ஒரு பகுதியை இங்கே கல்லோடு கழித்தார். ஊரே கல்லுடைக்கும் ஊர். இங்குள்ள அஜி கருங்கல் நாடெங்கும் பெயர் பெற்றது. மசாதோஷி இசுமி என்னும் உள்ளூர்க் கல்தச்சர் அவருடைய வலக்கரமாக இருந்தார். நோகுச்சி 1949இல் இந்தியாவுக்கு வந்து ஜந்தர் மந்தர் என்னும் பழைய வானாய்வுக்கூடத்தின் கருவிகளைப் பார்த்து மயங்கியவர். சறுக்குமரமாகவும் சிற்பமாகவும் அவர் செய்த ஒரு சலவைக்கல் படைப்பில் அங்குள்ள படிக்கட்டுகளின் சாயல் நேராகவே இருக்கிறது.

வட்டமான கற்சுவருக்குள் சுமார் 150 கற்கள் நிற்கின்றன. பல முடிக்கப்படாதவை. ஒரு பக்கம் கண்ணாடிபோல மெருகேறியிருக்கும். மறுபக்கம் மலையிலிருந்து பெயர்த்த காயத்தோடு அப்படியே இருக்கும். உளியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதுதான் அவருடைய கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றியது. தீவுகளில் பார்த்த இளையவர்கள் பலரும் அதையே வேறு பொருள்களில் செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய கிடங்குக்குள் 3.6 மீட்டர் உயரமுள்ள கருங்கல் வளையம், நடுவில் வெறுமையோடு நிற்கிறது. மழைக்குப் பின் வந்த வெயில் மண்சுவரில் பட்டு அந்த வெறுமைக்குள் விழுந்தது. படம் எடுக்க அனுமதி இல்லை. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். வழிகாட்டி மணி பார்த்து மென்மையாகக் கதவருகே வந்து நின்றார்.

இனுஜிமாவைப் பார்க்க முடியாமல் போனதில் எனக்கு உண்மையான வருத்தம். 1909 முதல் 1919 வரை பத்தே ஆண்டுகள் ஓடிக் கைவிடப்பட்ட செம்பு உருக்காலையின் இடிபாட்டுக்குள், உலைக்கசட்டுச் செங்கற்களையே வெப்பத்தைத் தேக்கி வைக்கப் பயன்படுத்தி, குளிர்சாதனம் இல்லாமல் இயங்கும் அருங்காட்சியகத்தை ஹிரோஷி சாம்புயிச்சி கட்டியிருக்கிறார். எழுத்தாளர் மிஷிமாவின் இடிக்கப்பட்ட வீட்டின் கதவுகளையும் சட்டங்களையும் கொண்டு யுகினோரி யானாகி அதற்குள் படைப்பைச் செய்திருக்கிறார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அது மூடியிருக்கும். மார்ச்சில் திறந்ததும் ஒரு சனிக்கிழமை போய், கசட்டுச் செங்கல்மேல் கை வைத்துப் பார்த்து, எவ்வளவு சூடு இருக்கிறது என்று எழுதச் சொல்லி அண்ணன் மகளிடம் கேட்டிருக்கிறேன்.